மரவள்ளி உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்: பூச்சியை அறிந்த பின்பே மருந்து

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிடும் உழவர் பெருமக்களுக்கும், அவர்தம் சங்கங்களுக்கும் இம்மடல்.

மரவள்ளியின் குருத்திலும் இலையடியிலும் வெள்ளைப் படலம் தென்பட்டவுடன், அது எந்தப் பூச்சி என்று பாராமலேயே மருந்துக்கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை விசைத்தெளிப்பானில் ஊற்றி அடிக்கும் வழக்கம் இப்பகுதிகளில் வேரூன்றியிருக்கிறது. இந்த வழக்கம் உழவரின் பணத்தை வீணாக்குவதோடு நில்லாமல், அவருக்குக் கூலியின்றி உழைக்கும் இயற்கை எதிரிகளை அழித்து, அடுத்த தாக்குதலுக்கும் வழி திறந்து விடுகிறது என்பதை எடுத்துரைத்து, பூச்சியின் இனத்தை உறுதி செய்துகொள்ளாமல் எந்தத் தெளிப்பும் கூடாது என்று வேண்டிக்கொள்வதே இம்மடலின் நோக்கம். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்னும் முதுமொழி மரவள்ளித் தோட்டத்திற்கு அப்படியே பொருந்துகிறது.

உழவரின் பதற்றத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு முதல் பத்து மாதங்கள் வரை நிலத்தில் நிற்கும் இப்பயிருக்குக் கிழங்கின் எடையைக் கொண்டு மட்டுமின்றி, அதிலுள்ள மாவுச்சத்தின் புள்ளிக் கணக்கைக் கொண்டும் ஆலைகள் விலை வைக்கின்றன. இலை இழந்த செடி மாவுச்சத்தைச் சேர்க்க முடியாது. எனவே கோடையில் குருத்து சுருண்டு நின்றால், அறுவடை நாளில் எடையிலும் புள்ளியிலும் இழப்பு வந்து சேரும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தின் பேரில் அடிக்கப்படும் மருந்து இந்த இழப்பைத் தடுக்கிறதா என்று கேட்டால், அந்த வெள்ளைப் படலத்துக்குப் பெரும்பாலும் காரணமான மாவுப்பூச்சியின் உடலமைப்பும் கடந்த நாற்பது ஆண்டு வரலாறும் இல்லை என்றே விடை தருகின்றன.

மாவுப்பூச்சி என்பது செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் மென்மையான உடல் கொண்ட சிறு பூச்சி. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது; அது தன் உடலிலிருந்து சுரக்கும் மெழுகுப் பொடியால் தன்னை மூடிக்கொள்வதால், தண்ணீரில் கலந்து அடிக்கும் மருந்து அதன் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடுகிறது. முட்டைகளும் பஞ்சு போன்ற பையினுள் பாதுகாப்பாக இருக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்து, மெழுகு படியாத உடலுடன் இடம் தேடி ஊர்ந்து திரியும் இளங்குஞ்சுப் பருவம் ஒன்றே மருந்துக்கு எளிதில் இலக்காகும் பருவம். காற்று, தண்ணீர், எறும்பு, ஆட்களின் உடை, கருவிகள் ஆகியவற்றின் வழியே பூச்சி பரவுவதும் பெரும்பாலும் இப்பருவத்தில்தான். பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவுநீரைத் தேடி எறும்புகள் வருகின்றன. அவை அந்த இனிப்புக்காகவே மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டிக் காவல் காக்கின்றன. அதே இனிப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலையின் பச்சையத்தை மறைக்கிறது. ஆகவே மாவுப்பூச்சியின் பெருக்கத்தைக் காணும்போது, அங்குள்ள எறும்புச் சாரியையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மரவள்ளியில் காணப்படும் மாவுப்பூச்சி ஒரே இனம் அன்று. நான்கு இனங்களையேனும் உழவர் பிரித்தறிந்தாக வேண்டும். முதலாவது, பப்பாளி மாவுப்பூச்சி எனப்படும் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். இதன் வெண்பொடியைக் குண்டூசி முனையால் ஒதுக்கினால் உடல் மஞ்சளாகத் தெரியும், நசுக்கினால் மஞ்சள் நீர் வடியும், ஆல்கஹாலில் இட்டு வைத்தால் உடல் நீலங்கலந்த கருமையாக மாறும். இலையின் அடிப்புறத்தில் நரம்பை ஒட்டிக் கூட்டமாகத் தங்கும் இப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி, காட்டாமணக்கு, பார்த்தீனியம் எனப் பல வகைச் செடிகளிலும் வாழக்கூடியது. இரண்டாவது, மரவள்ளி மாவுப்பூச்சி எனப்படும் ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி. இதன் உடல் இளஞ்சிவப்பு நிறமுடையது, மெழுகுப் பொடி மெல்லியது, உடலைச் சுற்றி நீண்ட இழைகள் இல்லை. இது ஏறத்தாழ மரவள்ளி ஒன்றையே நம்பி வாழ்கிறது. இதில் ஆண் பூச்சியின் துணையின்றிப் பெண்ணே பெண் குஞ்சுகளை ஈனுவதால், ஒரே ஒரு பூச்சி ஒட்டியிருந்த கரணை (நடவுக்கு வெட்டிய தண்டுத் துண்டு) கூடப் புதிய தோட்டத்தில் ஒரு பெருங்கூட்டத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது.

மூன்றாவது, முதுகில் இரண்டு கருநிறக் கோடுகளும் பின்புறத்தில் வால் போன்ற இரண்டு நீண்ட மெழுகு இழைகளும் உடைய வரி மாவுப்பூச்சி. இது இந்நாட்டில் நெடுங்காலமாகவே இருந்து வருவது. நான்காவது, உடலைச் சுற்றிலும் மெல்லிய இழைகளும் வாலில் சற்று நீண்ட இழைகளும் கொண்ட ஜாக் பியர்ட்ஸ்லி மாவுப்பூச்சி. சேதத்தின் தோற்றமும் இனத்தை அறிய உதவுகிறது: மரவள்ளி மாவுப்பூச்சி குருத்தில் உறிஞ்சும்போது செடிக்குள் ஏற்படும் மாற்றத்தால் கணுவிடைகள் குறுகி, நுனித் தண்டு முறுக்கிக்கொண்டு, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு கொத்தாகி விடுகின்றன. இலையடியெங்கும் வெண்பஞ்சு படர்ந்து, நுனி இவ்வாறு கொத்தாகாமல் நின்றால் வேறு இனத்தையே முதலில் ஐயுற வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ் இதற்குப் போதும்; அதன் விலை ஒரு முறை மருந்தடிக்கும் கூலியைவிடக் குறைவு.

வெள்ளையாக இருப்பவை அனைத்தும் மாவுப்பூச்சிகளும் அல்ல. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பெரிதாக, தடித்த வெண்மெழுகுக் குச்சங்கள் உடலெங்கும் தொங்க, தொட்டால் வேகமாக நகரும் ஒரு புழு தென்படுவதுண்டு. அது கிரிப்டோலேமஸ் எனப்படும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளரும் இவ்வண்டு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது, 1898-ஆம் ஆண்டிலேயே இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இதே போல, ஸ்பால்ஜிஸ் எனப்படும் சிறிய வண்ணத்துப்பூச்சியின் புழுவும் தான் தின்ற மாவுப்பூச்சிகளின் மெழுகைத் தன்மேல் போர்த்திக்கொண்டு அவற்றுக்கிடையே கிடக்கும். அதன் கூட்டுப்புழுவைக் கையிலெடுத்துப் பார்த்தால் குரங்கின் முகம் அப்படியே தெரியும். இவ்விரண்டையும் “பெரிய மாவுப்பூச்சி” என்று எண்ணி நசுக்கியும் மருந்தடித்தும் கொல்வது, காவலாளியைத் திருடனாகக் கருதித் தண்டிப்பதேயாகும்.

மேலும், சுருண்ட இலை எல்லாம் மாவுப்பூச்சியின் வேலையும் அன்று. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து இலை உருக்குலைந்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அதற்குக் காரணம் வைரஸ் ஆதலால், நோயுற்ற செடியில் அடிக்கும் எந்தப் பூச்சி மருந்தும் அந்தச் செடியைக் குணப்படுத்தாது, நோயற்ற கரணையைத் தேர்ந்தெடுப்பதே முதல் வழி. இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் நிறைந்து, அடிப்புறத்தில் நுண்ணிய வலை தென்பட்டால் அது செஞ்சிலந்திப்பேன். எட்டுக் கால்களுடைய இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததே அன்று, பூச்சிகளுக்காக அடிக்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகளால் இதன் எதிரிகள் மடிந்து இது பெருகுவதும் உண்டு. மூன்று நோவுகளுக்கும் ஒரே மருந்தை அடித்தால் மூன்றும் தீராது.

இனத்தைப் பிரித்தறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை ஆப்பிரிக்காவின் பட்டறிவு தெளிவாகக் காட்டுகிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில் புகுந்து, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவியபோது, அதன் எதிரியை அதன் தாயகத்திலேயே தேடிக் கொண்டுவர அறிவியலாளர்கள் முற்பட்டனர். தென் அமெரிக்காவின் வட பகுதியில் இதே தோற்றமுள்ள ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தாக்கும் குளவிகளைச் சேர்த்து ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் விட்டபோது அவை அதில் பெருகவில்லை. காரணம், வட பகுதியில் கிடைத்தது ஃபீனகாக்கஸ் ஹெர்ரெனி என்னும் வேறோர் இனம். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. உண்மையான மரவள்ளி மாவுப்பூச்சி 1981-இல் பராகுவே நாட்டில் கண்டறியப்பட்ட பின்னரே அதற்குரிய அனாகைரஸ் லோபெசி என்னும் குளவி கிடைத்து, அதே ஆண்டில் நைஜீரியாவில் விடப்பட்டது. அக்குளவி மரவள்ளி விளையும் நாடுகளெங்கும் பரவிப் பூச்சியை அடக்கியது. பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் சார்பில் இம்முயற்சியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரெனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தேர்ந்த அறிவியலாளர்களையே தோற்றம் ஏமாற்றியது என்றால், கடைத்திண்ணையில் நின்று கேட்கும் யோசனை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை உழவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களில் பேரிழப்பை ஏற்படுத்தியது. உழவர்கள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பூச்சி அடங்கவில்லை. பின்னர், அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த அசிரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி இனங்கள் 2010-இல் பெங்களூருவிற்குக் கொண்டுவரப்பட்டு, பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பின் அவ்வாண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டன. சில மாதங்களிலேயே பூச்சியின் பெருக்கம் தணிந்தது. இந்தியா இதனால் ஐந்தாண்டுகளில் அடைந்த நன்மை 50 கோடி டாலருக்கும் மேற்பட்டது என்று பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டது. இலங்கையிலும் 2008-இல் தோன்றிய இப்பூச்சியை 2009-இல் விடப்பட்ட குளவிகள் அடக்கின. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இல்லாத பூச்சி செய்த வேலை இது.

இவ்வெற்றிக்குப் பின், மரவள்ளியில் மீண்டும் வெள்ளை படர்ந்தபோது பலர் பழைய பூச்சியே திரும்ப வந்துவிட்டது என்று எண்ணினர். உண்மையில் வந்தது புதியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாக இந்தியாவில் பதிவாகி, விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளி மாவட்டங்களுக்கும் பரவியது. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய அசிரோஃபேகஸ் குளவி இதை அடக்காது. இதை அடக்கும் அனாகைரஸ் குளவி பப்பாளி மாவுப்பூச்சியை அடக்காது. எனவே பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசியை வரவழைத்தது. 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக வயலில் விடப்பட்டது. தாய்லாந்தும் இதே பூச்சியை 2008-இல் கண்டு, 2009-இல் இதே குளவியைப் பெனினிலிருந்து பெற்று, பெருமளவில் வளர்த்து விட்டு வெற்றி கண்ட நாடாகும்.

இக்குளவிகள் செயல்படும் முறையை உழவர் அறிந்தால் மருந்து எவ்வாறு கெடுதல் செய்கிறது என்பது தானே விளங்கும். இவை ஒட்டுண்ணிக் குளவிகள். அதாவது, பிற பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதன் உள்ளுறுப்புகளைத் தின்று வளர்ந்து, அதைக் கொன்று வெளிவருபவை. மனிதரையோ கால்நடையையோ கொட்டுவதில்லை. தாய்க்குளவி இளம்பருவ மாவுப்பூச்சியைத் தேடிக் கண்டு, முட்டையிடும் ஊசியால் துளைத்து முட்டையை வைக்கிறது. அனாகைரஸ் குளவி சில மாவுப்பூச்சிகளைக் குத்தி அவற்றின் உடல்நீரை உணவாகவும் கொள்வதால் அவையும் மடிகின்றன. முட்டை வைக்கப்பட்ட மாவுப்பூச்சி சில நாட்களில் வெண்பொடி குன்றி, உப்பி, பழுப்பு நிறமுள்ள வறண்ட கூடாக மாறுகிறது. வளர்ந்த குளவி அக்கூட்டில் வட்டமான துளையிட்டு வெளியேறுகிறது. லென்ஸின் கீழ் இத்துளையுள்ள கூடுகள் தென்பட்டால், அத்தோட்டத்தில் காவல் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அந்நேரத்தில் மருந்தடித்தால், மெழுகுப் போர்வையுள்ள மாவுப்பூச்சியில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் பறந்து திரியும் குளவியோ முதலில் மடியும். எதிரி இல்லாத நிலத்தில் எஞ்சிய பூச்சி முன்னிலும் விரைவாகப் பெருகும். உழவர் மீண்டும் மருந்து வாங்குவார். மருந்தடித்த தோட்டத்தில் மாவுப்பூச்சி அடிக்கடி திரும்புவதன் காரணம் மருந்தின் தரக்குறைவு மட்டுமன்று, பெரும்பாலும் இந்தச் சுழலே.

மருந்தே கூடாது என்று இம்மடல் சொல்லவில்லை. பூச்சியால் ஏற்படப்போகும் இழப்பு அதைத் தடுக்க ஆகும் செலவை எட்டுமுன், நடவடிக்கை தொடங்க வேண்டிய அளவைப் பொருளாதார வரம்பு நிலை என்று பூச்சியியலார் குறிப்பர். கலிபோர்னியாவைச் சேர்ந்த நான்கு பூச்சியியலார் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை முறையாக வகுத்துக் காட்டி, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு அடித்தளம் இட்டனர். இதன்படி, ஒரு தோட்டத்தில் ஒரு பூச்சி இருப்பது மட்டும் தெளிப்புக்குக் காரணமாகாது. எத்தனை செடிகளில், எந்தப் பருவத்தில், எந்த எதிரிகளுடன் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே மரவள்ளித் தோட்டத்தில் வேலை பின்வரும் வரிசையில் அமைவது நலம். நடவுக்கு முன், மாவுப்பூச்சி தாக்காத, தேமல் இல்லாத தோட்டத்திலிருந்து மட்டுமே கரணை எடுக்க வேண்டும். தாக்கப்பட்ட மாவட்டத்திலிருந்து கரணைக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதே இப்பூச்சி தொலைதூரம் பரவுவதற்கு முதன்மைக் காரணம். கரணைகளைப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துக் கரைசலில் சில நிமிடம் நனைத்து நடுவது, வயலெங்கும் தெளிப்பதைவிடச் சிக்கனமானது. தாய்லாந்தில் தயாமீத்தாக்சாம் கரைசலில் 5 முதல் 10 நிமிடங்கள் நனைக்கும் முறை கடைப்பிடிக்கப்பட்டது. இங்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை ஏத்தாப்பூர் நிலையத்திலோ அந்தந்த மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுச் செய்ய வேண்டும். நட்ட பின், வாரம் ஒரு முறை தோட்டத்தின் ஓரங்களிலும் நடுவிலும் செடிகளைக் குருத்து முதல் அடியிலை வரை பார்த்து, கண்டதைக் குறித்து வைக்க வேண்டும். தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் காலமே பூச்சி பெருகும் காலம் ஆதலால், அப்போது இந்தக் கண்காணிப்பு தவறவே கூடாது. பலத்த மழை பூச்சியைக் கழுவிவிடும் என்பதால், மழை நெருங்கும் நாட்களில் தெளிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

தாக்குதல் சில செடிகளில் மட்டும் இருக்கும்போது, கொத்தான நுனிகளை ஒடித்து எடுப்பதே போதும். ஒடித்த நுனிகளை வரப்பில் வீசினால் குஞ்சுகள் ஊர்ந்து மீண்டும் பயிரேறும். உடனே எரித்தாலோ உள்ளிருக்கும் குளவிகளும் மடியும். எனவே பழுப்புக் கூடுகள் இல்லாத நுனிகளை மட்டுமே அழித்து, குளவி வளரும் கூடுகள் உள்ள நுனிகளைக் காகிதப் பையிலிட்டு, குளவி எட்டாத பக்கத்துத் தோட்டத்திற்குக் கொடுப்பது சிறந்தது. ஆனால் அத்தோட்டத்தில் இதே பூச்சி இனம் ஏற்கெனவே இருக்க வேண்டும், இல்லையேல் கொடுப்பது கொடையாகாது. வரப்போரத்துப் பார்த்தீனியத்தையும் துத்தியையும் களைவது பப்பாளி மாவுப்பூச்சியின் மறைவிடத்தை ஒழிக்கும். பெருக்கம் மிகுந்து, எதிரிகள் அறவே காணப்படாத நிலையில் மட்டும், முதலில் வேப்பெண்ணெய் சார்ந்த தெளிப்பை ஒட்டும் திரவத்துடன் சேர்த்து, குஞ்சுகள் வெளிவரும் சமயம் பார்த்து, தாக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் அடிக்கலாம். இரசாயன மருந்து இறுதிப் படியாகவே இருக்க வேண்டும், அதுவும் ஒரே தோட்டத்தில் மருந்துக்கு மேல் மருந்தாகத் தொடரக் கூடாது.

இந்தப் பாடம் மரவள்ளிக்கு மட்டும் உரியதன்று. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 2016-இல் தோன்றிய சுருள் வெள்ளை ஈயை என்கார்சியா என்னும் குளவி தானாகவே தேடி வந்து தாக்கத் தொடங்கியதால், அங்கு பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம் என்பதே வேளாண் அறிவியலாளர்கள் உழவர்களுக்குத் தொடர்ந்து சொல்லிவரும் அறிவுரை.

இறுதியாக, ஒன்றை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் தோட்டத்தில் விடப்பட்டது பத்துப் பேரின் பயிரைக் காக்கும், ஒருவர் அடிக்கும் மருந்து பத்துப் பேரின் காவலைக் குலைக்கும். ஆதலால் இதைத் தனி உழவரின் முடிவாக விடாமல், ஊர்க்கூட்டத்தின் முடிவாகவும் சங்கத்தின் முடிவாகவும் ஆக்க வேண்டும். உழவர் சங்கங்கள் ஒவ்வோர் ஊரிலும் நான்கைந்து இளைஞர்களுக்கேனும் பூச்சியினத்தைப் பிரித்தறியும் பயிற்சியை ஏத்தாப்பூரிலும் சந்தியூர் உள்ளிட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பெற்றுத் தர வேண்டும். குளவி தேவைப்படும் தோட்டங்களின் பட்டியலைச் சித்திரையில் பூச்சி உச்சமடைந்த பின் கொடுக்காமல், தை மாதத்திலேயே ஆராய்ச்சி நிலையத்திடம் கொடுக்க வேண்டும். குளவி வளர்ப்பு தடையின்றி நடக்க நிதி ஒதுக்குமாறு அரசை ஒரே குரலில் கேட்க வேண்டும். கிழங்கை வாங்கும் ஆலைகளும் இச்செலவில் பங்கேற்குமாறு கோர வேண்டும். உழவர் பெருமக்களே, வரும் பருவத்தில் முதல் வெள்ளைப் படலம் கண்ணில் பட்டதும் அந்த நுனியை ஒடித்து, பையில் மூடிக் கட்டி, அது எந்த இனம் என்று கேட்டறியுங்கள். விடை கிடைக்கும் வரை தெளிப்பானைத் தொடாதீர்கள்.